கூடத்து அமெரிக்கா

நவம்பர் மாதம் எங்கள் பாங்குக் கிளையில் கூட்டம் அதிகம். பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபித்தாக வேண்டிய மாதம் அது. ஆயுள் சான்று என்று அதற்குப் பெயர். மயிலாப்பூர்க் கிளை என்பதால் வருகிறவர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 6, புதன்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். வயதானால் கைரேகை தேய்ந்துவிடுகிறது. கட்டைவிரலை மூன்றாவது முறையாக இயந்திரத்தில் அழுத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பின்னால் நின்ற சிநேகிதரிடம் திரும்பி, "பென்சில்வேனியா போயிடுத்து" என்றார். கையில் ஃபோன் இருந்தது. "அப்ப அவ்வளவுதான்" என்றார் சிநேகிதர். எனக்குப் புரியவில்லையோ என்று இருவருமாக விளக்கவும் செய்தார்கள். மொத்தம் 538, ஜெயிக்க 270, பென்சில்வேனியாவுக்கு 19.

"உங்க பையன் அங்கதானே ஸார் இருக்கார்?" என்று கேட்டேன். "ஆமாம். அவனுக்கு ஓட்டு இல்லை. பதினாலு வருஷமாச்சு, இன்னும் க்ரீன் கார்டு வரலை" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அதுவரை சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் தயங்கினார். "ஏதோ க்யூன்னு சொல்றான்" என்றார்.

இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. அவரைக் கேலி செய்வதற்கு அல்ல. அமெரிக்காவின் ஓட்டுக் கணக்கு தெரிந்தவருக்கு அவருடைய வார்டு கவுன்சிலர் பெயர் தெரியுமா என்று கேட்பது மலிவான கேலி. எனக்கே அது தெரியாது. விஷயம் வேறு. பெற்ற பிள்ளையின் பதினான்கு வருஷத்தை நிர்ணயித்திருப்பது ஒரு சட்டம். வேலையின் அடிப்படையில் ஒரு வருஷத்தில் தரப்படும் நிரந்தரக் குடியுரிமை அனுமதிகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்று அது சொல்கிறது. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. க்யூ என்று பிள்ளை சொன்னது இதைத்தான். இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். ஆனால் தினமும் நாலு மணி நேரம் அமெரிக்காவைப் பார்க்கிற ஒரு படித்த மனிதருக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. பென்சில்வேனியா சிவப்பா நீலமா என்பது மட்டும் கிடைத்திருக்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் படம் உண்டு. காத்திருப்பதற்குப் படம் இல்லை.

இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கென்னடி டல்லஸில் சுடப்பட்டபோது இந்தியாவில் நள்ளிரவு, 1963 நவம்பர் 22 முடிந்து 23 தொடங்கும் நேரம். சென்னை அதை மறுநாள் காலை ரேடியோவில் கேட்டது, அப்புறம் பத்திரிகையில் படித்தது. வாட்டர்கேட் விவகாரத்தையும் இந்த ஊர் முழுக்க முழுக்கப் படித்துத்தான் தெரிந்துகொண்டது. 1973 மே மாதம் செனட் கமிட்டியின் விசாரணை அமெரிக்க டெலிவிஷனில் ஓட ஆரம்பித்ததிலிருந்து 1974 ஆகஸ்டில் நிக்ஸன் ராஜினாமா செய்தது வரை சென்னையில் டெலிவிஷனே கிடையாது. தி. நகரில் வளர்ந்த என் அப்பா, வாட்டர்கேட் என்றால் தனக்கு ஞாபகம் வருவது ஒரு வாசகசாலை மேஜையும் ஒரே பேப்பரை இரண்டு பேர் பிரித்துப் படித்ததும்தான் என்பார். நிக்ஸன் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஒலிநாடாக்களைக் கோர்ட் ஏன் கேட்டது, ஜனாதிபதி ஏன் தர மறுத்தார் என்பதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். வாக்கியங்களாகத் தெரிந்துகொண்ட ஒன்றை வாக்கியங்களாகத் திருப்பிச் சொல்ல முடிகிறது.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று, எமர்ஜென்ஸிக்கு நடுவே, ஆரம்பமாயிற்று. எண்பதுகளில் லூஸியும் ஸ்டார் ட்ரெக்கும் வந்தன. 1991 ஜனவரியில் பாக்தாதின் மேல் குண்டு விழுந்ததை ஸி.என்.என். நேரடியாகக் காட்டியது, அதே வருஷம் ஸ்டார் டி.வி. வந்தது, தெருவுக்குத் தெரு கேபிள்காரர் மொட்டை மாடியில் டிஷ் வைத்தார். 2001 செப்டம்பர் 11 அன்று முதல் விமானம் மோதியபோது நமக்கு மாலை 6.16. எனக்குப் பன்னிரண்டு வயது. விளக்கேற்றிவிட்டு அம்மா கூடத்துக்கு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காட்சியை அன்று ராத்திரி எத்தனை முறை பார்த்தோம் என்று கணக்கில்லை. அவ்வளவு முறை பார்த்ததில் ஏதாவது புரிந்ததா என்று கேட்டால், பார்த்தது மட்டும்தான் புரிந்தது.

நான் பி.ஏ. ஆங்கிலம். அமெரிக்க இலக்கியம் என்று எங்களுக்கு ஒரு தாள் இருந்தது. அதில் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மன்' (1949) பாடம். வகுப்பில் அதைப் படித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து 'ஃப்ரெண்ட்ஸ்' பார்ப்பேன். இரண்டும் ஒரே நகரத்துக் கதை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. மில்லரின் வில்லி லோமன் ஃப்ரிஜ்ஜுக்குத் தவணை கட்டுகிறான், வீட்டுக்குத் தவணை கட்டுகிறான். வீட்டுக் கடனின் கடைசித் தவணை அவனை அடக்கம் செய்கிற அன்று கட்டப்படுகிறது. பாங்கில் சேர்ந்து வீட்டுக் கடன் ஃபைல்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நாடகம் எனக்கு முழுசாகப் புரிந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' பத்து வருஷம் (1994–2004) ஓடியது. அந்த நியூயார்க் வீடு முழுக்கக் கலிஃபோர்னியாவில் பர்பேங்க் ஸ்டூடியோவில் போட்ட செட். அவ்வளவு பெரிய வீட்டுக்கு வாடகை எப்படிக் கட்டுகிறார்கள் என்ற கேள்வியைத் தொடரே ஒரு சமாதானம் சொல்லித் தாண்டிவிடுகிறது. ஆனால் இருபது வயதில் எனக்கு அமெரிக்கா என்றால் அந்த சோபாதான். மில்லரின் வீடு பரீட்சைக்கு, சோபா வாழ்க்கைக்கு.

நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஒரே பாஷை பேசும் இங்கிலாந்துக்கே நேர்ந்தது. அலிஸ்டர் குக் 1946லிருந்து 2004 வரை வாராவாரம் பி.பி.ஸி. ரேடியோவில் 'அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்' படித்தார். மொத்தம் 2,869 கடிதங்கள். ஸால்ஃபோர்டில் பிறந்து அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட ஒரு மனிதர், தான் பார்த்ததைத் தன் குரலில் சொன்னார். இது ஒருவருடைய பார்வை என்பது கேட்கிறவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது. பிறகு 'டல்லஸ்' வந்தது. 1980 நவம்பரில் ஜே.ஆரைச் சுட்டது யார் என்று தெரிந்துகொள்ள இங்கிலாந்தே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தது. அதைச் சொல்கிறவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. படத்தில் சொல்கிறவர் மறைந்துவிடுகிறார்; 'அமெரிக்கா இப்படி' என்பது மட்டும் மிஞ்சுகிறது.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974ல் டெலிவிஷனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேல்ஸ்காரர், கேம்பிரிட்ஜில் நாடகம் சொல்லிக்கொடுத்தவர். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து மியாமியில் இறங்கிய களைப்பில் ஒரு ராத்திரி டெலிவிஷனில் சினிமா பார்க்கிறார். நடுவில் விளம்பரங்கள், வரப்போகிற வேறு படங்களின் துண்டுகள். கொஞ்ச நேரத்தில் எது இந்தப் படத்துக் குற்றம், எது அடுத்த படத்துக் கொலை, எது விளம்பரம் என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் டெலிவிஷனின் சாரம் தனித்தனி நிகழ்ச்சிகளில் இல்லை, விடாத ஓட்டத்தில் இருக்கிறது என்ற கருத்துக்கு வந்தார். அவருக்கு வாய்த்தது அந்நியனின் குழப்பம். நமக்கு அந்தக் குழப்பம் கூட வாய்க்கவில்லை. வெகு சீக்கிரம் பழகிவிட்டோம்.

எப்படிப் பழகினோம்? உறவாக்கிக்கொண்டு. 'டல்லஸ்' பார்த்தவர்களிடம் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி இஸ்ரேலில் டமார் லீப்ஸும் எலிஹு காட்ஸும் ஓர் ஆய்வு செய்தார்கள். 1990ல் அது புத்தகமாக வந்தது. மரபான குடும்பங்களிலிருந்து வந்த அரேபியர்களும் மொராக்கோ யூதர்களும் அண்ணன் தம்பி, அப்பன் பிள்ளை என்று உறவுமுறை வழியாகக் கதையைச் சொன்னார்கள். ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள் இதற்குப் பின்னால் என்ன பிரசாரம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். நாம் முதல் வகை. அந்தச் சந்தேகம் நமக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று படுகிறது.

கமலா ஹாரிஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். 2020 ஆகஸ்ட் 20 காலை, நம் நேரப்படி, அவர் உப ஜனாதிபதி வேட்பாளராகப் பேசிய பேச்சில் 'சித்திகள்' என்ற வார்த்தை வந்தது. அந்த வருஷம் சன் டி.வி.யில் 'சித்தி 2' ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் தமிழ்ச் சானல்களில் அந்த ஒரு வார்த்தைதான். அவருடைய தாத்தா பி.வி. கோபாலன் பெசன்ட் நகரில் வசித்தவர். அந்தக் கடற்கரையில் தாத்தாவோடு நடந்ததைப் பற்றி ஹாரிஸ் சொல்லியிருக்கிறார். காமிரா பெசன்ட் நகருக்குப் போயிற்று. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துக்குப் போயிற்று. சாஸ்தா கோவிலில் அபிஷேகம். 2021 ஜனவரியில் கோலமும் பட்டாசும். 2024ல் மறுபடி அபிஷேகம், மறுபடி காமிரா, நவம்பர் 6க்குப் பிறகு யாரும் இல்லை.

அந்தக் கிராமத்துச் சந்தோஷத்தில் நான் குறை காணவில்லை. என் கேள்வி இதுதான். நாலு வருஷத்துக்கு மேல் இந்தப் பெண்மணியை நம் கூடத்தில் உட்காரவைத்திருந்தோம். அவர் என்ன செய்தவர் என்று நமக்குத் தெரியுமா? 2011 முதல் 2017 வரை கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல். அரசாங்கத் தரப்பில் வழக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர். பிள்ளைகள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் மேல் வழக்குப் போடலாம் என்ற சட்டத்தை ஆதரித்தவர். அங்கே அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. சரி என்றவர்களும் உண்டு, ஏழைத் தாய்மார்களை ஜெயிலுக்கு அனுப்பும் வேலை என்றவர்களும் உண்டு. நாம் அந்த விவாதத்தில் ஒரு பக்கம் எடுத்திருக்கலாம். ஆனால் சித்தி என்று சொல்லிவிட்ட பிறகு விவாதம் ஏது? உறவாகிவிட்ட எதையும் நாம் நிறுத்திப் பார்ப்பதில்லை. டெலிவிஷனுக்கு இது தெரியும். அமெரிக்காவை அது உறவுக்காரர் வீட்டுச் செய்தியாக மாற்றித் தருகிறது; துக்கமோ சந்தோஷமோ விசாரித்துவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம்.

இதே வருஷத்தின் இன்னொரு நிகழ்ச்சி இதைவிட என்னைச் சங்கடப்படுத்துகிறது. 2020 மே 25 மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே இறந்தார். ஒரு பள்ளிச் சிறுமி தன் ஃபோனில் எடுத்த படம் உலகமெல்லாம் போயிற்று. ஊரடங்கில் வீட்டில் கிடந்த நாமும் பார்த்தோம், உண்மையிலேயே கலங்கினோம். ஒரு மாதம் கழிவதற்குள் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். உடனே 'இந்தியாவின் ஜார்ஜ் ஃப்ளாய்டுகள்' என்று எழுதினார்கள், சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்படிச் சொன்னதால் விஷயம் வெளியே தெரிந்தது, சரி. ஆனால் நம்முடைய போலீஸ் ஸ்டேஷன்களில் எத்தனையோ வருஷமாக நடந்துவருகிற ஒன்றைப் பார்ப்பதற்கு மினியாபொலிஸிலிருந்து ஓர் உவமை வரவேண்டியிருந்தது. அந்த உவமை பொருந்தவும் இல்லை. சாத்தான்குளத்தில் அடித்ததற்குப் படம் இல்லை. இருந்தது ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்ன சாட்சியம். உடன் வேலை செய்கிறவர்களுக்கு எதிராக, பயத்தோடு, வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகள். அந்த வார்த்தைகளின் கனம் என்ன என்று யோசிக்க வேண்டியவர்கள் நாம், எழுதுகிறவர்கள். நாமும் படம் தேடிக்கொண்டிருந்தோம்.

டெலிவிஷனை இன்று யார் பார்க்கிறார்கள், எல்லாம் ஃபோன்தானே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பெட்டி சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெரியவர் ஃபோனில் பார்த்ததும் டெலிவிஷன் வெட்டிக்கொடுத்த துண்டுதான். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது, அது வருஷா வருஷம் கட்டவேண்டியது என்று முதலில் சொன்னார்கள். புது மனுக்களுக்கு மட்டும், ஒரே தடவை என்று வெள்ளை மாளிகை அப்புறம் விளக்கியது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாம்பலத்து வீடுகளில் தூக்கம் போயிற்றோ. என் அம்மா தூங்கவில்லை.

இப்போது என்னைப் பற்றி. என் அக்கா 2011ல் கல்யாணமாகி நியூஜெர்ஸி போனாள். எம்.எஸ்ஸி. படித்து ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். 2013ல் நான் ஒரு கவிதை எழுதினேன். சிறு பத்திரிகை ஒன்றில் வந்தது. நியூயார்க் பற்றியது. மஞ்சள் டாக்ஸி, சாலையின் மூடிகளிலிருந்து எழும் நீராவி, பாதாள ரயிலில் தூங்கும் ஒரு கறுப்பர். நண்பர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அக்காவுக்கு அனுப்பினேன். ஃபோனில் பேசினாள்.

"ஏண்டா, நீ எப்ப நியூயார்க் வந்தே?"

"வந்தாத்தானா?"

"நான் இங்க ரெண்டு வருஷமா இருக்கேன். அந்த ரயில்ல ரெண்டு தடவை போயிருக்கேன். என் விசால வேலைக்குப் போகக் கூடாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஜன்னல் வழியா பார்க்கிங் லாட்டைப் பார்த்துண்டு உக்காந்திருக்கேன். எந்தக் கார் எத்தனை மணிக்குப் போகும், எப்ப வரும்னு எனக்குத் தெரியும். அதை எழுதேன்."

எச்-1பி விசாக்காரரின் மனைவிக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. க்ரீன் கார்டுக்கு வரிசையில் இருப்பவர்களின் மனைவிகள் சிலருக்கு 2015 மே மாதம்தான் அந்த அனுமதி வந்தது. என் அக்காவின் நாலு வருஷம் ஒரு பார்க்கிங் லாட்டில் போயிற்று. அந்த நாலு வருஷமும் அவள் தம்பி, கவிஞன், நீராவியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். நீராவியை நான் எங்கே பார்த்தேன் என்று சொல்லவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்காவைப் பற்றித் தமிழில் வருகிற கதைகளைப் படிக்கும்போது ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். இதில் அங்கே போகாமலே எழுத முடியாத ஒரு வரியாவது இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. அங்கேயே இருபது வருஷம் வாழ்ந்து எழுதுகிறவர்களிடமும் பல சமயம் இல்லை என்பதுதான் விசேஷம். பனி விழுகிறது, டிரைவ்வேயில் கார் நிற்கிறது, அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். அங்கே போவதற்கு முன்னால் இங்கே கூடத்தில் பார்த்துவைத்த அமெரிக்காவை அவர்கள் அங்கே போய் உறுதிசெய்துகொள்கிறார்கள்.

மாற்று உதாரணம் நம்மிடம் இருக்கிறது. தி. நகர்க்காரரான அசோகமித்திரன் 1973ல் அயோவா சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். அதிலிருந்து 'ஒற்றன்' வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர், ஹாலிவுட்டைக் கரைத்துக் குடித்தவர்; பிம்பங்கள் வேண்டுமென்றால் அவரிடம் எவ்வளவோ இருந்திருக்கும். ஒன்றையும் அவர் எடுத்துப் போகவில்லை. வானளாவிய கட்டடம் இல்லை. ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர், குளிர், எத்தியோப்பியாவிலிருந்தும் பெருவிலிருந்தும் வந்த சக எழுத்தாளர்கள், அவர்களோடு அரைகுறை ஆங்கிலத்தில் நடக்கிற சிநேகமும் சண்டையும். அமெரிக்காவைப் பற்றி அவர் எந்த அபிப்பிராயமும் சொல்வதில்லை. அங்கே தனக்கு எது புரியவில்லையோ அதைப் புரியாததாகவே வைத்திருக்கிறார். வில்லியம்ஸுக்கு மியாமியில் ஒரு ராத்திரி இருந்த குழப்பம் அவருக்குப் புத்தகம் முழுக்க இருக்கிறது. அவர் போன வருஷம் சென்னையில் டெலிவிஷன் இல்லை என்பதை இதற்கு முழுக் காரணமாகச் சொல்ல மாட்டேன். அவர் வேறு மாதிரி மனிதர். ஆனால் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்க்காத ஊருக்குப் போகிற பாக்கியம் அவருக்கு இருந்தது. நமக்கு இல்லை. நாம் முதலில் கூடத்து அமெரிக்காவை மறந்தாக வேண்டும். அது அவருக்கு இல்லாத உபரி வேலை.

அந்தப் பெரியவருக்கு ஐந்தாவது முறையில் ரேகை விழுந்தது. 7 சதவிகித விஷயத்தை அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே இரண்டு முறை படித்தார். "இதை அவன் சொன்னதே இல்லையே" என்றார். பிறகு, "நானும் கேட்டதில்லை" என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அக்காவிடம் பார்க்கிங் லாட்டைப் பற்றி எழுதித் தரும்படி பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நானா? எழுதறதா?" என்று சிரிக்கிறாள். போன மாதம் ஒரு பக்கம் வந்தது. கார்களின் நிறமும், அவை வந்து போகும் நேரமும் மட்டும் எழுதியிருக்கிறாள், ஒரு லெட்ஜர் மாதிரி. இன்னும் எழுதச் சொல்லியிருக்கிறேன். முடித்துக் கொடுத்தால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.